வழக்கறிஞரின் வாசலில் நிற்பது பாவமா?



கணவனால் அடிபட்ட ஒரு சகோதரி, "வழக்கறிஞரைப் பார்க்கப் போகிறேன்" என்று சொன்னவுடன், முதலாம் கொரிந்தியரின் ஆறாம் அதிகாரத்தை விரித்து அவள் வாயை அடைப்பவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். அந்த நிருபத்தை எழுதிய பவுலே பெஸ்துவின் நியாயாசனத்துக்கு முன் நின்று இராயனுக்கு அபயமிட்டார் என்பதை ஏனோ அவர்கள் வாசிப்பதில்லை. சகோதரருக்குள் எழும் அற்ப வழக்குகளைக் கண்டிக்க எழுதப்பட்டதை, உயிர்ப்பயத்தோடு வாழ்கிறவளுக்கு வாய்ப்பூட்டாக்குவது வேதத்துக்குச் செய்யும் அநீதி.

"சபைக்குள் எழுதி முடித்துக்கொள்ளலாம்" என்கிற மூப்பர்களே, கேளுங்கள். திருச்சபைத் தீர்ப்பாயம் அளிக்கும் திருமண ரத்து, நாட்டுச் சட்டத்தின்படி திருமணத்தை முறிக்காது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அப்படியிருக்க, நீங்கள் எழுதி வாங்கும் தாளுக்கு என்ன பலம்? அதை நம்பி மறுமணம் செய்கிறவர் குற்றவாளியாவார்.

1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டப்படி, கணவனுக்கு மனைவியின் விபசாரம் ஒன்றே போதுமானதாயிருந்தது. மனைவியோ கணவனின் விபசாரத்தோடு கொடுமையையோ கைவிடுதலையோ சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. 2001-இல் அந்த ஓரவஞ்சனை நீக்கப்பட்டது. சட்டம் திருந்திற்று, நம் வழக்கம் திருந்த வேண்டாமா?

வழக்கறிஞரைச் சந்திப்பதே விவாகரத்து ஆகிவிடாது. கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று போதித்தவர் நம் ஆண்டவர்.

ஆகவே சகோதரியே, ஆயத்தத்தோடு செல்லுங்கள். திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், வீட்டுக்கடன் தாள்கள், மருத்துவமனைச் சீட்டுகள், கிடைத்தால் கணவனின் சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை எடுத்து, நம்பகமான ஒருவர் வீட்டில் வையுங்கள். நடந்தவற்றைத் தேதிவாரியாக இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். எல்லையோரத்தில் வாழும் நமக்குத் திருமணம் பெங்களூருவிலும் குடித்தனம் ஓசூரிலும் அமைவதுண்டு. திருமணம் நடந்த இடம், இருவரும் வசிக்கும் இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவற்றுள் எந்த நீதிமன்றம் உங்களுக்கு ஏற்றது என்று கேளுங்கள். பிள்ளைகளின் பராமரிப்பு, ஜீவனாம்சம், கட்டணம் ஆகியவற்றையும் கூச்சமின்றிக் கேளுங்கள்.

உங்கள் குறைகளையும் மறைக்காதீர்கள். நீங்கள் சொல்வதை இரகசியமாய்க் காக்க வழக்கறிஞர் சட்டத்தால் கடமைப்பட்டவர். நடவாததை நடந்ததாகச் சொல்லும்படி அவர் ஏவினால் எழுந்து வந்துவிடுங்கள். பொய்ச்சாட்சியால் பெறும் விடுதலை விடுதலையன்று.

பணமில்லையே என்று கலங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமையைத் தருகிறது. 15100 என்ற எண்ணை அழைக்கலாம். கிருஷ்ணகிரியிலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவையும் நாடலாம்.

மூப்பர்களே, அவளுக்குத் தடைக்கல்லாக நிற்காதீர்கள். அவளோடு துணைக்குச் செல்ல ஒரு சகோதரியை அனுப்புங்கள். அவள் திரும்பும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு வீட்டைத் திறந்து வையுங்கள். ஜெபத்தோடு இதையும் செய்வதே மேய்ப்பு.

சத்தியமும் நியாயமும் உள்ள தேவன் உங்களோடிருப்பாராக. ஆமென்.