கெடாத மருந்தும் தீராத நோயும்

மருந்து கெடாமல் இருப்பது வேறு. நோயைத் தீர்ப்பது வேறு. அறியப்பட்ட பொருளின் புதிய வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டுமெனில் செயல்திறன் கூடியிருக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் 2005-இல் 3(டி) பிரிவைத் திருத்தியது இதனால்தான்.

ரத்தப் புற்றுநோய்க்கான 'கிளிவெக்' மருந்தின் பீட்டா படிக வடிவம் அதிக நிலைப்புத்தன்மை கொண்டது, ஈரத்தைக் குறைவாகவே ஈர்ப்பது என்று வாதிட்டது சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ். ஹைதராபாதின் நாட்கோ உள்ளிட்ட நிறுவனங்களும் நோயாளிகள் அமைப்பும் எதிர்த்தன. சென்னை காப்புரிமை அலுவலகம் 2006-இல் விண்ணப்பத்தை நிராகரித்தது. அவ்வடிவம் துறை அறிந்தவருக்கு எளிதில் புலப்படக்கூடியதல்ல என்று 2009-இல் ஏற்ற மேல்முறையீட்டு வாரியமும், 3(டி)-யின்படி காப்புரிமை தர மறுத்தது. சேமிப்புக்கு உதவும் பண்புகள் நோய் தீர்க்கும் திறன் ஆகா என்று 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. மாதத்துக்குச் சுமார் ரூ.1.2 லட்சம் விலையுள்ள மருந்துக்கு, அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த விலையில் மாற்று தொடர்ந்து கிடைக்க இத்தீர்ப்பே வழிசெய்தது.

அந்த வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டது. மேல்முறையீடுகள் இப்போது உயர் நீதிமன்றங்களுக்குச் செல்கின்றன. 3(டி)-யைக் குறைகூறும் அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகத்தின் ஆண்டறிக்கைகளோ ஓயவில்லை. மக்கள் பிரதிநிதிகள் விவாதித்து இயற்றிய பாதுகாப்பை வர்த்தகப் பேச்சுகளில் பேரப்பொருளாக்க எந்த அரசும் துணியலாகாது.