சேற்றுக் காடும் ஒரு வகுப்பறையே!

விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம் எனப் பெற்றோர் பலர் கேட்கின்றனர். பேரங்காடிக்கு மாற்றாகச் சதுப்புக் காட்டை முன்மொழிகிறேன்.

குளிர்காலம் என ஒன்று நமக்கு இல்லை. ஆயினும் மார்கழி, தை மாதங்களில் பினாங்கில் மழை சற்றுத் தணிகிறது; அது நடைப்பயணத்திற்கு உகந்த காலம். பேராக் மாநிலத்தின் கோலா செபெத்தாங்கில், ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்புள்ள மாத்தாங் காப்புக்காடு உள்ளது. ஜோர்ஜ்டவுனிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம். சேற்றின் மேல் அமைந்த பலகைப் பாதையில் சிறுவரும் எளிதாக நடப்பர்.

அங்கு நான் அழைத்துச் சென்ற மாணவர் அனைவரும் 'பாக்காவ்' என்னும் மலாய்ப் பெயரை அறிந்திருந்தனர். தமிழ்ப் பெயரை ஒருவரும் அறியார். அலையாத்தி! அலைகளை ஆற்றுவதால் அப்பெயர் என விளக்குவர். ஒரு சொல்லுக்குள்ளேயே ஓர் அறிவியல் பாடம் அடங்கியுள்ளது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மலேசியாவில் 68 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பினாங்கைச் சேர்ந்தோர். தமிழகத்தின் பிச்சாவரத்திலோ, அலையாத்திக் காட்டின் பின்னிருந்த சிற்றூர்களில் சேதம் குறைவாக இருந்தது. பேரலையை இக்காடு முற்றாகத் தடுத்துவிடாது. அதன் வேகத்தைக் குறைக்கும். மீனும் இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தில் வளர்வதும் இவ்வேர்களின் இடையில்தான். இதனை உணர்ந்த பினாங்குக் கரையோர மீனவர்கள் 1997 முதல் தாமே கன்று நட்டு வருகின்றனர். அப்படியிருக்க, சதுப்பை வீண்நிலம் எனப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது முறையா?

"சட்டையெல்லாம் சேறாகுமே, ஐயா" என்பது பெற்றோரின் கவலை. சேறு கழுவினால் போய்விடும். மூடிய காலணி, கொசு மருந்து, குடிநீர் ஆகியவை போதும். நீர் வற்றும் வேளையில் சென்றால், சேற்றிலிருந்து மேல்நோக்கி நிற்கும் மூச்சுவேர்களையும் துள்ளும் மீன்களையும் காணலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. மனனக் கட்டுரையோ இன்னும் அகலவில்லை. புறப்படுமுன் சதுப்பு, கழிமுகம், கண்டல், தில்லை, மூச்சுவேர் என்னும் ஐந்து சொற்களைக் கொடுங்கள். சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரைத் தந்தது இக்காட்டு மரமே என்பதையும் கூறுங்கள். திரும்பியதும், கண்டதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். கண்ணால் கண்ட பொருளின் பெயர் பிள்ளைக்கு மறக்காது. காணாத பொருளின் பெயர் அகராதியோடு நின்றுவிடும்.