சாய்ந்த பீமுக்கு மூன்று நீளம்

பாகாலா ஜங்ஷனிலிருந்து ஒரு பாதை திருப்பதிக்கும், ஒன்று சித்தூர் வழியாகக் காட்பாடிக்கும், மற்றொன்று தர்மாவரத்துக்கும் பிரிகிறது. இந்தப் பக்கத்து ஊர்களில் சாய்ந்த கூரைகளுக்குக் குறைவில்லை. மாம்பழக்கூழ் ஆலைகளின் தகர ஷெட்டுகள், பழைய ஓட்டு வீடுகள், கான்கிரீட்டையே சாய்வாகப் போட்டு மேலே ஓடு பதிக்கும் புது வீடுகள். கூரை சாய்ந்தால் அதைத் தாங்கும் பீமும் சாய்கிறது. தகராறு அங்கேதான் ஆரம்பம்.

முன்பு மேஸ்திரி சுவர் உச்சிக்கும் முகட்டுக்கும் இடையே கயிறு பிடித்து அளந்துவிடுவார். கயிறு பொய் சொல்லாது. இப்போது அளவு கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது. கம்ப்யூட்டரும் பொய் சொல்வதில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். பிளானில் 4 மீட்டர் நீளமுள்ள பீம், 30 டிகிரி சாய்வு. பிளான் என்பது மேலேயிருந்து பார்க்கும் படம். அதில் சாய்வு தெரியாது. அந்த பீமின் நிஜ நீளம் 4.62 மீட்டர். வித்தியாசம் 62 சென்டிமீட்டர். பிளானைப் பார்த்துக் கம்பி வெட்டினால் ஒவ்வொரு கம்பியிலும் இவ்வளவு குறையும்.

பணநஷ்டம் சிறிய விஷயம். பீமின் கம்பி தூணுக்குள் போதிய நீளம் புதைந்திருந்தால்தான் பிடிமானம் கிடைக்கும். ஐ.எஸ். 456 விதிப்படி, எம் 20 கான்கிரீட்டில் எஃப்இ 500 ரகக் கம்பிக்கு இந்த நீளம் கம்பி விட்டத்தைப்போல் சுமார் 57 மடங்கு. 12 மி.மீ. கம்பிக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 68 சென்டிமீட்டர். குறைந்துபோன 62 சென்டிமீட்டர் ஒரு முனையில் விழுந்தால் பிடிமானம் அநேகமாக முழுவதும் போய்விடும். கான்கிரீட் போட்ட பிறகு இது யார் கண்ணுக்கும் தெரியாது.

மென்பொருளில் ஒரே பீமுக்கு மூன்று நீளங்கள் உண்டு. முதலாவது பிளான் நீளம். இரண்டாவது, இரு முனைப் புள்ளிகளுக்கும் இடையே சரிவோடு அளக்கும் நிஜ நீளம். மூன்றாவது, தூணின் அகலத்தையும் இணைப்புகளையும் கழித்த வெட்டு நீளம். ரெவிட் மென்பொருள் பின் இரண்டையும் தனித்தனியே பட்டியலிடுகிறது. ஆனால் பிளான் படத்தில் அளவுக்கோடு போட்டால் அது காட்டுவது முதல் நீளத்தை. இரும்பு ஷெட்டில் இன்னும் கவனம் தேவை. 10 மீட்டர் கிடைத்தூரத்துக்கு 1 மீட்டர் ஏறும் கைமரத்தின் நிஜ நீளம் 10.05 மீட்டர். வெறும் 5 சென்டிமீட்டர்தான், ஆனால் போல்ட் துளைகள் ஒன்றோடொன்று சேராது.

ஆழத்திலும் இதே சிக்கல். பீமுக்குச் செங்குறுக்காக 45 செ.மீ. ஆழம் இருந்தால், தூக்குக்குண்டு விட்டு நேர்கீழாக அளக்கும்போது 52 செ.மீ. வரும். கான்கிரீட் அளவுக்கு இரண்டு வழிகள் சரி: செங்குறுக்கு ஆழத்தை நிஜ நீளத்தால் பெருக்கலாம், நேர்கீழ் ஆழத்தைப் பிளான் நீளத்தால் பெருக்கலாம். 23 செ.மீ. அகல பீமுக்கு இரண்டிலும் 0.478 கனமீட்டர் கிடைக்கும். மாற்றிப் பெருக்கினால் ஒரு பக்கம் 13 சதவீதம் குறையும், மறுபக்கம் 15 சதவீதம் கூடும். பில் தகராறுக்கு இதுவே போதும்.

பாரம் ஏற்றும்போது நீளத்தின் குழப்பம் பலத்தையே தொடுகிறது. பீமின் சொந்த எடை சரிவு நீளம் முழுவதிலும் இருக்கிறது. கூரை மீது ஆட்கள் ஏறுவது போன்ற பாரத்தை ஐ.எஸ். 875 பிளான் பரப்பில்தான் கணக்கிடச் சொல்கிறது. ஸ்டாட் மென்பொருளில் இதற்காகவே ஜி.ஒய்., பி.ஒய். என்று இரண்டு கட்டளைகள். முதலாவது நிஜ நீளத்துக்கு, இரண்டாவது பிளான் நீளத்துக்கு. சொந்த எடையைப் பிளான் நீளத்தில் போட்டால் 30 டிகிரி சாய்வில் 13 சதவீத எடை காணாமல் போகும்.

குறுக்குவழி தேடுவோருக்குப் போதையனார் பெயரில் வழங்கும் கணக்கு ஒன்று உண்டு. கிடைநீளத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, உயரத்தில் பாதியைச் சேர்த்தால் சரிவு நீளம். 4க்கு 3 என்றால் கச்சிதமாக 5 வரும். ஆனால் 10க்கு 1 ஏறும் ஷெட்டுக்கு 9.25 என்கிறது, கிடைநீளத்தைவிடவும் குறைவு! உயரம் நீளத்தில் கால்பங்குக்குக் கீழே போனால் இந்த வழி உதவாது.

எனவே வீடு கட்டுவோர் கம்பி வெட்டும் முன் பொறியாளரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பட்டியலில் உள்ளது எந்த நீளம்? கிடைநீளத்தின் வர்க்கத்தோடு உயரத்தின் வர்க்கத்தைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்து, ஒரு பீமையாவது கையால் சரிபாருங்கள். சென்ட்ரிங் அடித்ததும் டேப்பைச் சாய்வாகப் பிடித்து ஒருமுறை அளந்துவிடுங்கள். மூன்று அளவும் ஒத்துப்போனால் கம்பியை வெட்டலாம்.