அப்பாருவின் இரட்டைக்குழல்: செலவு செய்து மீட்கலாமா?

இந்தப் பதிவு ஒரு துப்பாக்கியைப் பற்றியது. பயப்பட வேண்டாம், சுடுகிற கதை எதுவும் இல்லை. வரவு செலவுக் கதைதான். பி.காம். படித்தவனுக்கு வேறு என்ன எழுத வரும்? :-)

சத்தியமங்கலம் பக்கம் எங்கள் தோட்டம். அப்பாரு காலத்தில் வாங்கிய 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருந்தது. செய்தவர் பெயர் தேய்ந்துவிட்டது. குழலின் அடியில் பர்மிங்காம் சோதனைச் சாலை முத்திரை மட்டும் மங்கலாகத் தெரியும். அப்பாருவுக்குப் பிறகு அப்பா பெயரில் லைசென்ஸ். ஆயுத பூஜைக்கு அரிவாள், மண்வெட்டியோடு அதற்கும் சந்தனப் பொட்டு வைப்போம். எனக்கு அதைத் தொட்டுப் பார்க்க வருடத்தில் கிடைத்த ஒரே நாள் அதுதான்.

போன வருடம் அப்பா தவறிவிட்டார். லைசென்ஸ்தாரர் இறந்தால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைக்க வேண்டும். தம்பி ஒரு கடையில் ஒப்படைத்தான். மூன்று மாதம் முன்பு அங்கிருந்து ஒரு மதிப்பீடு வந்தது. கட்டை மாற்ற 18,000, குழலும் பின்கட்டும் சேரும் இடத்தில் ஆட்டத்தை எடுக்க, பள்ளம் தேய்க்க 35,000, மேலே நீலம் ஏற்ற 7,000. ஆக 60,000 ரூபாய்.

"செஞ்சுடலாம்டா, பணம் நான் அனுப்பறேன்" என்றேன். தம்பி ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே ஆரியசாலைக்கு டிரான்ஸ்பராகி வந்து இரண்டு வருடம் ஆகிறது. மறுநாள் எங்கள் கிளைக் காவலரிடம் போனில் இருந்த போட்டோக்களைக் காட்டினேன். நாகர்கோவில்காரர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கட்டையில் இருந்த கீறல், தேய்ந்த பூ வேலைப்பாடு எதையும் அவர் பார்க்கவே இல்லை.

"சார், வெளிய பாக்காதீங்க, உள்ள பாருங்க. குழல் போச்சுன்னா எல்லாம் போச்சு."

அவர் சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

முதலில், குழலின் சுவர் எவ்வளவு தடிமன் இருக்கிறது என்று அளக்க வேண்டும். உள்ளே துரு அரித்த பள்ளத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாம். ஆனால் தேய்க்கத் தேய்க்கச் சுவர் மெலியும். கண்ணாடி போல மின்னுகிற குழல்தான் சில சமயம் ஆபத்தான குழல்.

இரண்டாவது, இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுருட்டிச் செய்த டமாஸ்கஸ் குழலா, முழு எஃகுக் குழலா என்று பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் டமாஸ்கஸ் குழல்களில் பெரும்பாலானவை கரி மருந்துக்காகச் செய்தவை. இன்றைய புகையில்லா மருந்துக்குச் சோதித்ததா என்பதை முத்திரைதான் சொல்லும். முத்திரை இருந்தாலும், அது அடித்த அன்றைய நிலைக்குத்தான் சாட்சி.

மூன்றாவது, தோட்டா அறையின் நீளம். பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகள் பலவற்றில் இது 2½ அங்குலம். இன்று பரவலாகக் கிடைப்பது 2¾ அங்குலத் தோட்டா. சுடாத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் உள்ளே சரியாகப் போய்விடும். சுடும்போது மடிப்பு விரிய இடம் இருக்காது, அழுத்தம் ஏறும். "உள்ள போகுதே, சரியாத்தான் இருக்கும்" என்று நினைப்பதுதான் தவறு.

இன்னொன்று. தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்து மலிவாக முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். துப்பாக்கி ரிப்பேர் செய்வதற்கே ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி லைசென்ஸ் வேண்டும்.

சரி, 60,000 போட்டால் திரும்ப வருமா? 1980களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனது. அதனால் பழைய சீமைத் துப்பாக்கிக்கு நல்ல விலை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பெயர் பெற்ற கம்பெனி, நல்ல குழல் என்றால் உண்மைதான். எங்களுடையது போல் பெயர் தேய்ந்ததற்கு அல்ல. வாங்குகிறவரிடமும் லைசென்ஸ் இருக்க வேண்டும். 2019 திருத்தத்தில் ஒருவர் வைத்திருக்கும் துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. சந்தை சுருங்கிய பொருளுக்கு இப்படிக் கடன் கேட்டு யாராவது வந்தால் நான் சாங்ஷன் செய்ய மாட்டேன்.

உபயோகம்? வேட்டை 1972 வனவிலங்குச் சட்டத்தோடு முடிந்த கதை. எங்கள் பக்கம் சோளத்தில் காட்டுப்பன்றி இறங்குகிறது, வாஸ்தவம். கேரளாவில் 2022ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, லைசென்ஸ் உள்ளவர்களை வைத்துப் பன்றியைச் சுட வழி செய்தார்கள். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவித்தது வேறு மாதிரி; காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறைதான் சுடும். விவசாயி கையில் துப்பாக்கி இருந்தாலும் பன்றிமேல் சுட அவனுக்கு உரிமை இல்லை.

பாதுகாப்பு என்று ஒரு காரணம் பாக்கி. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் ஒரே வீட்டில் மூன்று பேர், 2025ல் சிவகிரி பக்கம் வயதான தம்பதி, தோட்டத்து வீட்டில் கொலை செய்யப்பட்டார்கள். அம்மாவும் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறார். இதை எழுதும்போதும் வயிற்றைப் பிசைகிறது. ஆனால் பூட்டி வைத்த, ஆட்டம் கண்ட துப்பாக்கி நடுராத்திரியில் யாரைக் காப்பாற்றும்? நல்ல விளக்கு, கேமரா, நாலு நாய் இவற்றுக்குப் பிறகுதான் அது.

இத்தனையும் தெரிந்த பிறகும் நான் விடவில்லை. "அப்பா ஞாபகமா இருக்கட்டும்" என்று மறுபடி போன் செய்தேன். அப்போதுதான் தம்பி வாயைத் திறந்தான்.

"அண்ணா, நீங்க பொங்கலுக்கு வந்து போட்டோ எடுப்பீங்க. லைசென்சு எம்பேர்ல மாத்தோணும், பயிற்சிக்குப் போகோணும், அஞ்சு வருசத்துக்கொருக்கா புதுப்பிக்கோணும். எலெக்சன் வந்தா ஸ்டேசனுக்குத் தூக்கீட்டுப் போயி, முடிஞ்சதும் திருப்பி வாங்கோணும். அதெல்லாம் நானுங்கண்ணா. அறுபதாயிரம் நீங்க குடுத்துருவீங்க. மீதிய யாரு குடுக்கறது?"

பதில் சொல்லத் தெரியவில்லை. செலவுப் பட்டியலில் நான் விட்ட ஒரே வரி அதுதான், ஆள்.

இங்கே நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சாமிகள் ஊர்வலமாக வரும். சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக்கு, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை செந்திட்டைக்கு, வேளிமலைக் குமாரசுவாமி எங்கள் ஆரியசாலைக் கோவிலுக்கு. அரண்மனையில் உடைவாளைக் கையேற்ற பிறகுதான் ஊர்வலம் கிளம்பும். 1956ல் பத்மநாபபுரம் தமிழ்நாட்டுக்குப் போன பிறகும் நிற்கவில்லை. அந்த வாளால் யாரும் சண்டை போடப் போவதில்லை. ஆனாலும் வருடா வருடம் அதை வாங்கி, கூடவே நடந்து, திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் அது வெறும் பழைய இரும்பாகிவிடவில்லை.

என் கருத்து இதுதான். மொத்த வேலையையும் ஒப்புக்கொள்ளாமல் முதலில் குழலை மட்டும் அளக்கச் சொல்லுங்கள். குழல் நன்றாக இருந்து, ஊரில் இருப்பவர் தானே விரும்பிப் பொறுப்பெடுத்தால், ஆட்டத்தை மட்டும் சரி செய்யுங்கள். கட்டையின் கீறலைத் தொடாதீர்கள், அது தாத்தாவின் கை பட்ட இடம். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் செலவு வீண். பெரியவர் உயிரோடு இருக்கும்போதே பேசிவிடுங்கள். 2016 ஆயுத விதிகளின்படி 70 வயதானால், அல்லது 25 வருடம் வைத்திருந்தால், வாரிசின் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். அப்பாவுக்கு இரண்டு தகுதியும் இருந்தது. நாங்கள் யாரும் கேட்கவில்லை.

எங்கள் குழலை அளந்தார்கள். வலது குழல், இடது கை பிடிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், மெலிந்துபோயிருக்கிறது. ஒப்படைத்துவிடலாம் என்றான் தம்பி. "அவரே போயிட்டாரு, அது எதுக்கு கண்ணு" என்றார் அம்மா.

இறந்தவர்களின் கணக்கை முடிக்க வருகிறவர்களிடம் எல்லா வாரிசும் கையெழுத்துப் போட்டாகிவிட்டதா என்று நாள்தோறும் கேட்கிறவன் நான். என் சம்மதக் கடிதம் பதினொரு நாள் மேஜை டிராயரிலேயே கிடந்தது. நேற்று கையெழுத்துப் போட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்பினேன். அப்பாருவின் தோல் தோட்டா வாரை மட்டும் எனக்கு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். தோட்டா இல்லாத வெறும் வாருக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. ஆனால் போய் வாங்கி வர நான்தான் ஊருக்குப் போக வேண்டும்.