விண்ணப்பம் வரட்டும் என்று காத்திருக்கலாமா?

2021 பிப்ரவரி 12 அன்று ஏழாயிரம்பண்ணை அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். யாரும் மனுப் போடவில்லை. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

தீர்ப்பாயத்தை உருவாக்கிய 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘தாமாக முன்வந்து’ என்ற சொல் எங்கும் இல்லை. யார் விண்ணப்பிக்கலாம் என்றே 18ஆவது பிரிவு பட்டியல் போடுகிறது. எழுத்தைப் பிடித்துத் தொங்கினால் அச்சங்குளம் உத்தரவே செல்லாது என்று வாதிட இடமுண்டு. அந்த வாசலை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 7 அன்று அடைத்தது. மும்பைக் குப்பை தொடர்பான வழக்கில், சட்டத்தின் நோக்கத்தைப் பார்த்து, தீர்ப்பாயத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்றது.

அது சரியான தீர்ப்பு. விபத்து என்றால் தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே இழப்பீடு பெறலாம் என்கிறது அதே சட்டத்தின் 17ஆவது பிரிவு. அத்தனை தூரம் இறங்கிவந்த சட்டம், மருந்து செலுத்தும் அறையில் கருகிப்போன பெண்ணின் பிள்ளைகள் வக்கீல் பிடித்துச் சென்னை அமர்வின் கதவைத் தட்டும்வரை வாய்மூடி இருக்கச் சொல்லியிருக்குமா?

சட்டத்தில் இல்லாததை நீதிபதிகள் எழுதிச் சேர்க்கலாமா என்ற அச்சத்தை நாம் அலட்சியப்படுத்தவில்லை. ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் பிரிவை எழுத்துப்படி, இறுக்கமாகத்தான் வாசிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணம் தரும் பிரிவுக்கு அந்த இறுக்கம் பொருந்தாது.

இதே பார்வை உள்குத்தகை விஷயத்திலும் தேவை. இந்த வட்டாரத்தில் உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளை எடுத்து வேலை நடத்துபவர் வேறொருவர். வெடித்தபின் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். ஆலையின் ‘இறுதிக் கட்டுப்பாடு’ யாரிடமோ அவரே பொறுப்பு என்றது தொழிற்சாலைகள் சட்டம். ஒரு கம்பெனி தன் சம்பள அதிகாரியை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு இயக்குநர்களைக் காப்பாற்ற முடியாது என்று 1996இல் ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உரிமத்தை வாடகைக்கு விட்டவருக்கும் அதுவே பொருந்த வேண்டும். இழப்பீட்டில் உரிமதாரர், குத்தகைதாரர் இருவரையும் சேர்த்தே நீதிமன்றங்கள் பிடிக்கட்டும்.

தானாக விசாரிக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றமும் 2010 சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். இன்னொரு அமர்வு வேறுவிதமாக வாசித்துவிடுமோ என்று தொழிலாளர் குடும்பங்கள் பயந்திருக்கத் தேவையில்லை.