கண்ணீரையும் அடக்கச் சொல்லும் பயிற்சி எதற்கு?

"டாக்டர், இவளுக்கு அமுக்கரா லேகியம் கொடுத்தா தெம்பு வருமா?"

மகளோடு வந்த அம்மா கேட்ட முதல் கேள்வி இது. பெண்ணுக்கு வயது 19. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கல்லூரி வாலிபால் டீமில் ஆடுகிறாள். அப்பாவுக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. மேட்ச் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது, ராத்திரி தூக்கமில்லை. ரத்தப் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை.

அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பேச்சுக் கொடுத்தேன்.

"ஒரு சர்வீஸ் தப்பினாக்கூட எல்லார் முன்னாடியும் கோச் திட்டுவார். தண்ணி குடிக்கப் போனா, 'சொகுசு கேக்குதா?'ம்பார். அழுதா டீமை விட்டே எடுத்துடுவாராம். ஃபீஸ் சலுகை போயிடுமே டாக்டர்... அப்பாகிட்ட எப்படிச் சொல்வேன்?"

சித்த மருத்துவத்தில், அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு. தாகம், பசி, தூக்கம், இளைப்பு, கண்ணீர் எல்லாம் அதில் சேர்த்தி. அடக்கினால் நோய் வரும் என்பது நாங்கள் படிக்கிற காலத்தில் மனப்பாடம் செய்த பாடம். மைதானத்தில் அடக்கச் சொல்வதும் இவற்றைத்தானே!

"கண்டிப்பு இல்லாம கப் வருமா?" என்பீர்கள். கண்டிப்பு வேண்டும். தப்பான ஆட்டத்தைத் திருத்துவது கண்டிப்பு. ஆடியவளை அவமானப்படுத்துவது கண்டிப்பல்ல.

அமெரிக்காவில் ஸ்மித், ஸ்மால் என்ற உளவியல் நிபுணர்கள், தட்டிக்கொடுத்துத் திருத்தும் முறையைச் சிறுவர் பேஸ்பால் கோச்சுகளுக்குக் கற்றுத் தந்தார்கள். 1992-ல் வெளியான ஆய்வின்படி, அந்தக் கோச்சுகளிடம் ஆடிய பிள்ளைகளில் அடுத்த சீசனில் விலகியவர்கள் 5 சதவீதம்தான். மற்றவர்களிடம் 26 சதவீதம்! 1995-ல் வந்த ஆய்வில், பிள்ளைகளின் பதற்றமும் குறைந்தது தெரிந்தது. விளையாட்டுக்கு ஆடும் சிறுவர்களுக்கே இப்படியென்றால், ஃபீஸும் படிப்பும் ஆட்டத்தை நம்பியிருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு?

ஓய்வெடுத்தால் ஆட்டம் போய்விடும் என்ற பயமும் வேண்டாம். ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ் 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக் குழு இறுதிப்போட்டியில் பாதியிலேயே விலகினார். 2024 பாரிஸில் மூன்று தங்கம் வென்றார்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை மூன்று: உடம்பும் மனசும் ஓய்ந்துபோவது, 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற பேச்சு, ஆசையாக ஆடிய ஆட்டமே வெறுத்துப்போவது. பிள்ளை வீடு திரும்பியதும் "ஜெயிச்சியா?" என்பதற்கு முன்னால் "தண்ணி குடிச்சியா?" என்று கேளுங்கள். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரிடம் போகத் தயங்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவச ஆலோசனை கிடைக்கும்.

கல்லூரி நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை: ஃபீஸ் சலுகையைக் கோச் ஒருவர் கையில் மட்டும் விடாதீர்கள். அது பரிசாக இல்லாமல் பயமுறுத்தும் பிரம்பாகிவிடுகிறது.

அந்தப் பெண்ணுக்கு நான் லேகியம் தரவில்லை. அப்பாவை வரச் சொன்னேன். நைட் ஷிப்ட் முடிந்த கையோடு வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காலேஜ்ல நான் வந்து பேசறேன். ஃபீஸை நான் பாத்துக்கறேம்மா" என்றார்.

அப்போதுதான் அவள் அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.