வெயில் ஓட்டமா? குளிர் ஓட்டமா?

கடுங்குளிரில் ஓடுவது அபாயமா, கடும் வெயிலில் ஓடுவது அபாயமா? இந்தக் கேள்வியை அச்சன்புதூரில் போய்க் கேட்டால் சிரிப்பார்கள். தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் அது. குற்றாலத்துச் சாரல் அங்கேயும் விழும். அதைவிடப் பெரிய குளிரை அந்த ஊர் கண்டதில்லை. "குளிர்தான் ஆளை முடக்கும். வெயில் நமக்குப் பிறந்ததிலிருந்து பழகினதுதானே!" என்று பதில் வரும்.

தவறு அங்கேதான் இருக்கிறது. ஓடுகிறவனுக்குக் குளிரைவிட வெயிலே பெரிய எதிரி. பழகிய எதிரி என்பதால் யாரும் அதற்குப் பயப்படுவதில்லை. அபாயம் அதனால் இன்னும் கூடுகிறது.

இது வேலையற்றவர்களின் வீண் விவாதம் அல்ல. தென்காசி வட்டாரத்தில் போலீஸ் வேலைக்கும் ராணுவத்துக்கும் தயாராகும் வாலிபர்கள் பலர். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடிக் கடக்க வேண்டும். ராணுவத்துக்கு 1.6 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஒரு பிள்ளைக்கு வேலை கிடைத்தால் அந்தக் குடும்பமே நிமிர்ந்துவிடும். ஆகவே உயிரைக் கொடுத்து ஓடுகிறார்கள். அந்த வார்த்தை உண்மையாகிவிடக் கூடாதே!

ஜார்க்கண்டில் உண்மையாயிற்று. 2024 ஆகஸ்டில் அங்கே கலால் காவலர் தேர்வு நடந்தது. ஆண்கள் ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்பது விதி. தேர்வுக்கு வந்தவர்களில் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்து போனார்கள். ஒவ்வொரு மரணத்துக்கும் வெயில்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அரசாங்கம் என்ன செய்தது? செப்டம்பர் முதல் வாரத்தில் தேர்வைச் சில நாள் நிறுத்தி வைத்தது. காலை 9 மணிக்கு மேல் யாரையும் ஓடவிடக் கூடாது என்றது. அந்த உத்தரவு முதல் நாளே வந்திருக்கக் கூடாதா?

உடம்பே ஓர் அடுப்பு

ஓடும்போது உடம்பு செலவிடும் சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் ஓட்டத்துக்குப் பயன்படுகிறது. மீதி முழுவதும் உஷ்ணமாக மாறுகிறது. வேகமாக ஓடுகிறவன் தனக்குள்ளேயே ஓர் அடுப்பை மூட்டிக்கொண்டு ஓடுகிறான்.

குளிர் நாட்டில் இந்த அடுப்பு அவனுக்குத் துணை. ரஷ்யாவின் யாக்கூத்தியாவில், 2022 ஜனவரியில், மைனஸ் 53 டிகிரிக் குளிரில் மாரத்தான் ஓடி முடித்திருக்கிறார்கள். கனமான உடை, கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு ஓடினார்கள். குளிருக்கு மேலும் ஓர் உடையை மாட்டிக்கொள்ளலாம். வெயிலுக்கு எதைக் கழற்றுவது? தோலைக் கழற்ற முடியுமா?

வெயிலில் உடம்புக்கு உள்ள ஒரே பெரிய வழி வியர்வைதான். வியர்த்தால் மட்டும் போதாது. அந்த வியர்வை காற்றில் உலர வேண்டும். உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். புழுக்கமான நாளில் வியர்வை சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுகிறது. உடம்பிலிருந்து நீர் போனதுதான் மிச்சம், உஷ்ணம் போவதில்லை. உள்சூடு 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும்போது மூளை தடுமாறுகிறது. ஓடுகிறவன் உளறுவான், தள்ளாடுவான். "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டே விழுவான்.

1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டத்தில் போர்ச்சுக்கல் வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ அப்படித்தான் விழுந்தார். வெயில் தாக்காமல் இருக்க உடம்பில் கொழுப்பைப் பூசிக்கொண்டு ஓடினார் என்று சொல்லப்படுகிறது. அப்படிப் பூசினால் வியர்வை எப்படி உலரும்? மறுநாள் அவர் இறந்தார்.

பாதி ராத்திரியில் பந்தயம்

2019-ல் கத்தார் நாட்டின் தோஹாவில் உலகத் தடகளப் போட்டி நடந்தது. வெயிலுக்குப் பயந்து, பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கினார்கள். அப்போதும் 30 டிகிரிக்கு மேல் உஷ்ணம், கூடவே புழுக்கம். ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேர் பாதியிலேயே விலகினார்கள். எல்லோரும் உலகத்தின் தலைசிறந்த வீராங்கனைகள்.

சிகாகோ நகரத்தைப் பாருங்கள். 2007 அக்டோபரில் அங்கே மாரத்தான் நடந்த நாளில் வெயில் 30 டிகிரியைத் தாண்டியது. பந்தயத்தை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். 2023 அக்டோபரில், அதே நகரத்தில், ஒரு குளிர்ந்த காலையில், கென்யாவின் கெல்வின் கிப்டம் 2 மணி 35 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அதே ஊர், அதே மாதம், வெப்பம்தான் வேறு.

குளிரும் கொல்லும்

அதற்காகக் குளிரை அலட்சியம் செய்யலாம் என்று அர்த்தமல்ல. 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம் நடந்தது. 172 பேர் ஓடினார்கள். திடீரென்று சூறைக்காற்றும் ஆலங்கட்டி மழையும் வந்தன. பலரும் அரைக்கால் சட்டையோடு ஓடியவர்கள். 21 பேர் குளிரில் விறைத்து மாண்டார்கள். ஆடு மேய்க்கும் ஒருவர் ஆறு பேரைத் தம் குகைக்குக் கொண்டுபோய், தீ மூட்டிக் காப்பாற்றினார்.

அங்கே கொன்றது வெறும் குளிர் அல்ல. ஈரமும் காற்றும் சேர்ந்து கொன்றன. காற்றைத் தடுக்கும் ஒரு சட்டை பல உயிர்களைக் காத்திருக்கும். குளிரின் அபாயத்துக்கு மாற்று உண்டு என்பதைத்தான் இந்தச் சம்பவமும் காட்டுகிறது.

சாரலை நம்பலாமா?

அச்சன்புதூர்க்காரர்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்டு வரை மலையிலிருந்து குளிர்ந்த காற்று இறங்குகிறது. ஓடிப் பழகுவதற்கு அருமையான காலம். ஆனால் அதில் ஒரு வலையும் இருக்கிறது. தேர்வு சாரலைப் பார்த்து வருவதில்லை. மலைக்காற்றில் ஓடிப் பழகிய பையன், பொட்டல் வெளியில் உள்ள ஒரு மைதானத்தில், சுட்டெரிக்கும் பகலில் ஓட நேரலாம். வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் வேண்டும் என்பது மருத்துவர்கள் கண்ட உண்மை. ஆகவே தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே, கொஞ்சம் கொஞ்சமாக வெயிலில் ஓடிப் பழக வேண்டும். ஒரே நாளில் வீரம் காட்டக் கூடாது.

"வெயிலில் ஓடினால்தான் உடம்பு உரம் பெறும்" என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அதில் பாதி உண்மை. பழக்கினால் உரம் பெறும். வதைத்தால் உயிர் போகும்.

ஒரு தொட்டியும் ஐஸ் கட்டியும்

இதில் ஓடுகிறவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவன் நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. தேர்வு நடத்துகிறவர்களும், பள்ளிக்கூடங்களில் விளையாட்டு விழா நடத்துகிறவர்களும்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓட்டத்தைக் காலை 9 மணிக்குள் முடிக்க வேண்டும் என்பதை அவர்கள் விதியாகவே வைக்க வேண்டும். ஐக்கிய அரபு நாட்டில், ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 மணி முதல் 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருக்கிறது. கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். பாலைவன நாட்டில் கூலி வேலைக்கு உள்ள பாதுகாப்பு, இங்கே ஓடும் பிள்ளைகளுக்கு வேண்டாமா?

மைதானத்தில் ஒரு பெரிய தொட்டி நிறையத் தண்ணீரும் ஐஸ் கட்டிகளும் இருக்க வேண்டும். உஷ்ணத்தால் சுருண்டு விழுந்தவனை முதலில் அதில் கழுத்தளவு அமர்த்திக் குளிர்விக்க வேண்டும்; பிறகுதான் ஆஸ்பத்திரி. அமெரிக்காவின் பால்மத் ஓட்டப் பந்தயத்தில், 18 ஆண்டுகளில் இப்படி விழுந்த 274 பேருக்கும் இந்த வைத்தியம் செய்தார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை.

தொட்டிக்கும் ஐஸ் கட்டிக்கும் என்ன செலவாகிவிடும்? மீன் சந்தைக்கு வந்து சேரும் ஐஸ், மைதானத்துக்கு வந்து சேராதா? அடுத்த தேர்வுக்கு நாள் குறிக்கும்போது, மணியையும் வெயிலையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். பொறுப்பில் இருப்பவர்கள் கவனிப்பார்களா?